சொந்தமாக உளநல ஆலோசனை தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன: ஆலோசனை நாடுவோர் என்னிடம் வந்துசேர என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: புதிதாகத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். உளவியலில் முதுகலைப் பட்டமும் சிகிச்சைப் பயிற்சியும் முடித்து, ஒரு மருத்துவமனையின் உளநலப் பிரிவில் மூத்தவர்களின் மேற்பார்வையில் நான்கு ஆண்டுகள் பணியாற்றிய பின், ஐந்து மாதங்களுக்கு முன் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக ஆலோசனை தொடங்கினேன். தொழிலுக்குரிய பதிவும் உரிமமும் முறையாக இருக்கின்றன. மாதம் இருமுறை மூத்த ஆலோசகரிடம் என் பணியைப் பற்றிப் பேசும் மேற்பார்வைக்குச் செல்வதையும் நிறுத்தவில்லை. மருத்துவமனையில் ஒரு நாளில் எட்டுப் பேரைக்கூடப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எவ்வழியாக என் அறைக்கு வருகிறார்கள் என்று அப்போது ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது வாரத்துக்கு மூன்று பேர் மட்டுமே வருகிறார்கள்.

கணக்கை ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலுமாக இதுவரை 19 பேர் விசாரித்தார்கள். அவர்களுள் 7 பேர் முதல் அமர்வுக்கு வந்தார்கள். அந்த ஏழு பேரில் நால்வர் ஓரிரு அமர்வுகளோடு நின்றுவிட்டார்கள். தொடர்ந்து வரும் மூவரில் இருவர், முன்பு என்னுடன் பணியாற்றிய தோழி அனுப்பியவர்கள். ஒருவர் மட்டும் என் இணையதளத்தைப் பார்த்து வந்தவர்.

இணையதளத்தில் பதற்றம், மனச்சோர்வு, தம்பதியர் பிணக்கு, குழந்தை வளர்ப்பு, போதைப் பழக்கம், இழப்பின் துயரம், பணி அழுத்தம் என்று எனக்குப் பயிற்சி உள்ள அனைத்தையும் பட்டியலிட்டிருக்கிறேன். இன்ஸ்டாகிராமில் நாள்தோறும் ஒரு நல்வாக்கியம் இடுகிறேன். விருப்பக்குறிகள் வருகின்றன, அழைப்புகள் வருவதில்லை. துன்பத்தில் இருப்பவர்களை நோக்கி என்னை விளம்பரப்படுத்திக்கொள்வது சரிதானா என்ற உறுத்தலும் கூடவே இருக்கிறது.

இரண்டு நிகழ்வுகளைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். இப்போது என்னிடம் வந்துகொண்டிருப்பவர்களுள் ஒருவர், தமக்குக் கிடைத்த பலனைப் பற்றி என் பக்கத்தில் எழுதித் தருவதாகத் தாமாகவே முன்வந்தார். அடுத்ததாக, நான் அறிமுகம் செய்துகொள்ளச் சென்ற மருத்துவர் ஒருவர், தாம் அனுப்பும் ஒவ்வொருவருக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு தர வேண்டும் என்று நேரடியாகவே கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், யோசித்துச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு வந்தேன். வாடகை நாள் நெருங்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு நினைவுக்கு வருகிறது.

மறுமொழி: பதினான்கு ஆண்டுகளாகத் தனியாக ஆலோசனை செய்பவர்

வணக்கம். கணக்கை எழுதி வைத்திருக்கிறீர்களே, அதுவே பாதி வேலை. பெரும்பாலானோர் "யாரும் வருவதில்லை" என்று மட்டுமே சொல்வார்கள். உங்களிடம் 19 பேர் வந்திருக்கிறார்கள். அவர்களுள் 12 பேர் விசாரித்துவிட்டு, உங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் விலகியிருக்கிறார்கள். எனவே, இருபதாவது நபரைத் தேடிப் போவதற்கு முன், இந்தப் பன்னிரண்டு பேர் எந்த இடத்தில் விலகினார்கள் என்று பாருங்கள். நீங்கள் அவர்களுக்கு அனுப்பிய பதில்களை இன்று இரவு எடுத்து வரிசையாகப் படியுங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் கழித்துப் போயிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் முதலாண்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் இரவு 11.40 மணிக்கு "ஃபீஸ் எவ்வளவு?" என்ற இரண்டே சொற்களில் ஒரு செய்தி வந்தது. வணக்கமும் இல்லை, பெயரும் இல்லை. விலை விசாரிப்பவர் என்று எண்ணிக்கொண்டு, மறுநாள் பிற்பகலில் கட்டணத்தையும் முகவரியையும் அனுப்பி, விருப்பமிருந்தால் தொடர்புகொள்ளுங்கள் என்று முடித்தேன். அதன்பின் பதில் இல்லை. ஏறத்தாழ ஓராண்டு கழித்து அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அமர்ந்து பேசியபோது அவர் சொன்னார்: அன்றிரவு அந்த இரண்டு சொற்களை எழுதுவதற்கு அவருக்கு ஒரு மணி நேரம் பிடித்திருக்கிறது. தம்மைப் பற்றி எதுவும் வெளிப்படுத்தாமல் கேட்கக்கூடிய ஒரே கேள்வி அதுவாக இருந்ததால் அதைக் கேட்டிருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதற்குப் பிறகு என் பதிலை மாற்றினேன். இப்போது நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "எழுதியதற்கு நன்றி. ஓர் அமர்வு 50 நிமிடம், கட்டணம் இவ்வளவு. வியாழன் மாலை ஆறு மணிக்கும் சனி காலை பத்து மணிக்கும் இடம் இருக்கிறது. முடிவு செய்வதற்கு முன் பேசிப் பார்க்க விரும்பினால், பதினைந்து நிமிடம் தொலைபேசியில் பேசலாம். அதற்குக் கட்டணம் இல்லை. என்ன நடந்தது என்பதை இப்போதே எழுத வேண்டியதில்லை. எந்த நேரத்தில் அழைத்தால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது?" கேட்ட கேள்விக்கு முதலில் விடை இருக்க வேண்டும், கட்டணத்தை மறைத்துவிட்டு "நேரில் பேசிக்கொள்ளலாம்" என்பது, ஏற்கெனவே தயங்கி நிற்பவரை இன்னும் ஓரடி பின்னுக்குத் தள்ளும். "எப்போது வேண்டுமானாலும் வரலாம்" என்று எழுதுவதைவிட இரண்டு நேரங்களைக் குறிப்பிட்டுச் சொல்வது மேல். மனம் சோர்ந்திருப்பவருக்கு வாரம் முழுவதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே ஒரு சுமை. பதில் வராவிட்டால் மூன்று நான்கு நாள் கழித்து ஒரே ஒருமுறை எழுதுங்கள், அதற்குமேல் வேண்டாம். அவருடைய தொலைபேசியை வீட்டில் வேறொருவர் எடுத்துப் பார்க்கக்கூடும் என்பதையும் மனத்தில் வைத்து, செய்தியின் முதல் வரியில் சிகிச்சை, உளநலம் போன்ற சொற்கள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அத்துடன், உங்கள் எண் அவசர உதவி எண் அன்று என்பதையும், உயிருக்கு ஆபத்தான நெருக்கடியில் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் இணையதளத்திலும் தானியங்கிப் பதிலிலும் தெளிவாக எழுதிவையுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இணையதளத்துக்கு வருவோம். ஏழு பிரச்சினைகளின் பட்டியலைப் படிப்பவருக்கு, இவர் என்னைப் போன்றவரைப் பார்த்திருக்கிறாரா என்பது விளங்காது. தமக்கு என்ன நோய் என்ற பெயரோடு யாரும் தேடுவதில்லை. அதிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, மறுநாள் கூட்டத்தில் பேசப்போவதை மனத்துக்குள் நூறுமுறை ஒத்திகை பார்ப்பவர், "பதற்றக் கோளாறு" என்ற சொல்லைக் கடந்து போய்விடுவார். அந்த அதிகாலை மூன்று மணியை நீங்கள் எழுதியிருந்தால் நின்று படிப்பார். நீங்கள் மிக நன்றாகச் செய்யும் இரண்டு அல்லது மூன்று வகைத் துன்பங்களை எடுத்துக்கொண்டு, அவற்றைப் படுபவர் சொல்லும் சொற்களிலேயே எழுதுங்கள். நல்வாக்கியங்களை நிறுத்திவிடலாம். அவற்றை விரும்புவோர் விரும்பட்டும், ஆனால் முதல் அமர்வில் என்ன நடக்கும், நீங்கள் என்ன கேட்பீர்கள், அழுகை வந்தால் பரவாயில்லையா, சொல்வது வெளியே போகாது என்பதற்கு எல்லைகள் எவை என்பன போன்ற கேள்விகளுக்கு விடையளிக்கும் ஒரு பக்கம், நூறு நல்வாக்கியங்கள் செய்யாததைச் செய்யும்.

ஏழு பேரில் நால்வர் நின்றதைப் பற்றி: ஜோஷுவா ஸ்விஃப்ட்டும் ராஜர் கிரீன்பெர்க்கும் 669 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட பகுப்பாய்வில், ஏறத்தாழ ஐவரில் ஒருவர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவதாகக் கண்டார்கள். உங்கள் விகிதம் அதைவிடக் கூடுதல். ஆனால் ஏழு பேரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, ஆகவே மனம் தளர வேண்டாம். ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள். உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் சிகிச்சை உறவை மூன்று கூறுகளாகப் பிரித்தார்: இருவருக்கும் இடையிலான பிணைப்பு, எதை நோக்கிச் செல்கிறோம் என்பதில் உடன்பாடு, அதற்காக என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு. மருத்துவமனையிலிருந்து வருபவர்கள் முதல் கூற்றில் நன்றாகவே இருப்போம். மற்ற இரண்டையும் மருத்துவமனை என்ற அமைப்பே நமக்காகச் செய்துகொண்டிருந்தது என்பதால் அவற்றை மறந்துவிடுவோம். முதல் அமர்வு முழுவதும் வரலாறு கேட்டுவிட்டு, "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று அனுப்பினால், வந்தவர் தம் துயரத்தை எல்லாம் கொட்டிவிட்டு வெறுங்கையோடு படியிறங்குகிறார்.

நான் கடைசிப் பத்து நிமிடத்தில் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவேன். நான் புரிந்துகொண்டது இது, சரிதானா என்று கேட்பேன். எதை முதலில் எடுத்துக்கொள்ளலாம், எப்படிச் செய்வோம், எத்தனை வாரம் கழித்துப் பலன் இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம் என்று சொல்வேன். கென்னத் ஹோவர்டும் உடனிருந்தோரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், எட்டாவது அமர்வுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அளவிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. 26ஆவது அமர்வுக்குள் முக்கால்வாசிப் பேரிடம் தெரிந்தது. எட்டாவது அமர்வில் திரும்பிப் பார்ப்போம் என்று நான் சொல்வதற்கு அதுவே அடிப்படை. முடிவில்லாத ஒன்றுக்குள் இறங்குகிறோமோ என்ற அச்சம் இதனால் வெகுவாகக் குறைகிறது.

மறுமொழி: பொது மருத்துவர்

நான் உளநலத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். நோயாளிகளை உங்களைப் போன்றவர்களிடம் அனுப்பும் இடத்தில் இருப்பவன். எனவே மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

உங்களிடம் பங்கு கேட்ட மருத்துவருக்கு, இயலாது என்று சொல்லிவிடுங்கள். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. பங்குக்காக அனுப்பப்படும் நோயாளி, தமக்குப் பொருத்தமானவரிடம் அனுப்பப்பட்டதாக நம்பி வருகிறார். அந்த நம்பிக்கை பொய்யாகிவிடுகிறது. பல நாடுகளில் அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றமும் ஆகும். எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவர் உங்களிடம் அப்படிக் கேட்டதற்காக வருந்துகிறேன்.

தூக்கமின்மை, தீராத தலைவலி, காரணம் பிடிபடாத வயிற்று வலி, படபடப்பு என்று என்னிடம் வருவோரில் பலருக்குப் பரிசோதனை முடிவுகள் சரியாகவே இருக்கும். அவர்களிடம் பேச எனக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். யாரிடமாவது அனுப்ப வேண்டும் என்று தெரியும். ஆனால் அந்தக் கணத்தில் யாருடைய பெயர் என் நினைவில் இருக்கிறதோ அவரிடம்தான் அனுப்புவேன். வழவழப்பான தாளில் அச்சிட்ட மடிப்பிதழ்கள் என் இழுப்பறையில் நிறையவே கிடக்கின்றன. அவற்றை நான் எடுத்துப் பார்ப்பதில்லை. என் மேசைக் கண்ணாடியின் கீழ் இருப்பது ஒரே ஒரு தாள். அதில் ஓர் ஆலோசகர் நான்கு செய்திகளை எழுதித் தந்திருக்கிறார்: யாரைப் பார்ப்பார், யாரைப் பார்க்க மாட்டார், முதல் சந்திப்புக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், எந்த எண்ணில் அழைத்தால் அவரே எடுப்பார். "பார்க்க மாட்டேன்" என்ற வரிதான் அவர்மீது எனக்கு நம்பிக்கையை உண்டாக்கியது. எல்லாம் பார்ப்பேன் என்று சொல்பவரிடம் யாரை அனுப்புவதென்று எனக்குத் தெரியாமல் போய்விடும்.

அதைவிட முக்கியமானது, அனுப்பிய பிறகு நடப்பது. நோயாளியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு, "நீங்கள் அனுப்பியவர் வந்தார், வாரம் ஒருமுறை சந்திக்கிறோம், மருந்து குறித்து உங்களிடம் பேச விரும்புகிறார்" என்று இரண்டு வரி எழுதினால் போதும். அவர் என்ன பேசினார் என்பது எனக்கு வேண்டியதில்லை. நான் அனுப்பியவர் எங்கோ மறைந்துவிடவில்லை என்பது தெரிந்தால், அடுத்தவரையும் தயங்காமல் அனுப்புவேன். ஒருவர் உங்கள் திறனுக்கு அப்பாற்பட்டவர் என்று தோன்றினால் அதையும் எழுதுங்கள். அப்படித் திருப்பி அனுப்பிய ஆலோசகருக்கே நான் பின்னர் அதிகம் பேரை அனுப்பியிருக்கிறேன்.

மறுமொழி: மேற்பார்வையாளராகவும் இருப்பவர்

முதலில் பலன் பற்றி எழுதித் தருவதாகச் சொன்னவரைப் பற்றி. அவருக்கு மனமார நன்றி சொல்லிவிட்டு, எழுதித்தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஒழுக்க நெறிகளில் 5.05ஆம் பிரிவு, தற்போது சிகிச்சையில் இருப்பவர்களிடம் நற்சான்று கேட்டுப் பெறுவதைத் தடுக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, அவரே முன்வந்தார் என்பது உண்மைதான். இருந்தாலும், உங்களைப் புகழ்ந்து ஊரறிய எழுதிவிட்ட ஒருவர், அடுத்த மாதம் உங்கள்மீது கோபம் வந்தால் அதை உங்களிடம் எப்படிச் சொல்வார்? சிகிச்சையில் அந்தக் கோபம் விலைமதிப்பற்றது. கூகுளில் யாராவது தாமாகவே உங்களைப் பற்றி எழுதிவிட்டால், நல்லதோ கெட்டதோ, அதன் கீழ் பதில் எழுதாதீர்கள். "வந்தமைக்கு நன்றி" என்ற ஒரு வரியே, அவர் உங்களிடம் வந்தவர் என்பதை உலகுக்கு உறுதிப்படுத்திவிடும்.

விளம்பரம் குறித்த உறுத்தலைப் பற்றி: உங்கள் பெயர், தகுதி, கட்டணம், செய்யும் பணி ஆகியவற்றை உண்மையாக எழுதிவைப்பது, தேடுகிறவருக்குச் செய்யும் உதவி. தேடாதவரை, அதுவும் துயரத்தின் நடுவில் இருப்பவரை, நீங்களாக அணுகி அழைப்பது வேறு. மேற்சொன்ன நெறிகளில் அடுத்துவரும் 5.06ஆம் பிரிவு அதைத்தான் தடுக்கிறது. ஒருவர் இறந்த வீட்டில் உங்கள் அட்டையைக் கொடுக்கக் கூடாது. துயரத்தைத் தாங்குவது பற்றி ஒரு நூலகத்தில் பேசிவிட்டு, பேச்சு முடிந்தபின் வந்து கேட்பவருக்குக் கொடுக்கலாம்.

முதல் மறுமொழியோடு ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஐந்து மாத அனுபவத்தில் இரண்டு மூன்று பிரச்சினைகளுக்குள் சுருங்கிக்கொள்வதற்கு அவசரம் வேண்டாம். எழுதுவதைக் குறிப்பாக எழுதுங்கள், ஆனால் வருபவரைப் பயிற்சியின் எல்லைக்குள் பரந்த மனத்தோடு பாருங்கள். எனக்கு எது நன்றாக வரும் என்று நான் எண்ணியிருந்ததும், பின்னர் உண்மையில் நன்றாக வந்ததும் வேறுவேறாக இருந்தன. கட்டணமில்லாத அந்தப் பதினைந்து நிமிடப் பேச்சிலும் கவனம் தேவை. மென்மனம் கொண்ட புதியவர்கள் அதை நாற்பது நிமிட அமர்வாக்கிவிடுவார்கள், பேசியவர் கனம் குறைந்துவிட்டதென்று வராமலே இருந்துவிடுவார். தொடக்கத்திலேயே நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்ட் வியன்னாவில் தம் மருத்துவ அறையை 1886ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையில், திறந்தார். தொடக்க ஆண்டுகளில் அவரிடம் நோயாளிகளை அனுப்பி உதவியவர்களுள் முக்கியமானவர் மூத்த மருத்துவரான யோசஃப் பிராயர். அன்று முதல் இன்று வரை இந்தத் தொழிலில் மனிதர்கள் மனிதர்கள் வழியாகவே வருகிறார்கள். உங்களிடம் தங்கியுள்ள மூவரில் இருவர் அப்படித்தானே வந்தார்கள்? ஆனால் நெருங்கிய தோழி ஒருவரையே நம்பியிருக்காதீர்கள். சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், அறிமுகங்கள் மூலம் வேலை பெற்றவர்களுள் சுமார் 17 விழுக்காட்டினர் மட்டுமே அடிக்கடி சந்திப்பவர் வழியாகத் தகவல் பெற்றதாகவும், ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் எப்போதாவது சந்திப்பவர் வழியாகப் பெற்றதாகவும் காட்டினார். அது வேலை தேடுவோரைப் பற்றிய ஆய்வு. எனினும், என்னிடம் வந்தவர்களின் வழியைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு அதே சித்திரம் தெரிகிறது. பயிற்சிக் காலத்தில் உடன் படித்தவர், ஒரு பட்டறையில் அருகில் அமர்ந்திருந்தவர், பள்ளி ஆலோசகர், பேச்சுப் பயிற்சியாளர், குடும்ப வழக்குகளை நடத்தும் வழக்குரைஞர் போன்றோருக்கு மாதம் இருவர் வீதம் எழுதுங்கள். குறிப்பாக, நேரமெல்லாம் நிரம்பிவிட்ட மூத்த ஆலோசகர்களுக்கு எழுதுங்கள். அவர்கள் வாரந்தோறும் யாரையாவது திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அனுப்புவதற்கு நம்பகமான பெயர் கிடைத்தால் அவர்களுக்கே அது ஆறுதல்.

கடைசியாக ஒன்று. வாரத்தில் இரண்டு நாள் ஏதேனும் ஓர் அமைப்பில் ஊதியத்துக்குப் பணியாற்ற வாய்ப்பிருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். வாடகைக் கவலையோடு அமர்ந்திருக்கும் ஆலோசகர், நலம் பெற்றுவிட்டவரை விடைகொடுத்து அனுப்பத் தயங்குவார். சொல்ல வேண்டிய கடினமான ஒன்றைச் சொல்லாமல் விடுவார். மேற்பார்வையில் நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அவர்களுள் ஒருவரும் தீய எண்ணம் கொண்டவர் அல்லர்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் என் நன்றி. நேற்றிரவு பன்னிரண்டு உரையாடல்களையும் எடுத்துப் படித்தேன். அவற்றுள் எட்டுக்கு நான் பதிலளித்ததே ஒரு நாளுக்குப் பிறகுதான். அறை காலியாக இருந்த நாள்களில்கூட, தொழில்முறையாகத் தோன்ற வேண்டும் என்று எண்ணிக் காத்திருந்திருக்கிறேன். ஒருவர், "நான் வருவதால் யாருக்காவது தெரியவருமா?" என்று கேட்டிருந்தார். அதற்கு நான் என் தகுதிகளையும் சிகிச்சை முறைகளையும் பத்தி பத்தியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர் கேட்டதற்கு அதில் விடையே இல்லை. படித்ததும் அழுதுவிட்டேன்.

அந்த மருத்துவருக்கு இன்று காலை, பங்கு தர இயலாது என்று தெரிவித்துவிட்டேன். நான்கு வரித் தாளையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். "பார்க்க மாட்டேன்" என்ற வரியில் கடும் போதைப் பழக்கத்தைச் சேர்த்தேன், எனக்கு அதில் பயிற்சி இருந்தாலும் தனியறையில் அதற்குத் தேவையான துணை இல்லை. இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: விலகிப் போன அந்தப் பன்னிரண்டு பேருக்கு இப்போது மீண்டும் எழுதலாமா?

மறுமொழி: பதினான்கு ஆண்டுகளாகத் தனியாக ஆலோசனை செய்பவர்

கடந்த மூன்று நான்கு வாரங்களுக்குள் விசாரித்தவர்களுக்கு மட்டும் ஒருமுறை எழுதுங்கள், மற்றவர்களை விட்டுவிடுங்கள். அவர்களுள் சிலர் வேறொருவரைக் கண்டடைந்திருப்பார்கள், சிலர் அந்த இரவைக் கடந்து வந்திருப்பார்கள். மாதங்கள் கழித்து வரும் செய்தி அதை மீண்டும் கிளறிவிடக்கூடும்.

யாருக்காவது தெரியவருமா என்று கேட்டவருக்கு மட்டும், எத்தனை மாதமாகியிருந்தாலும், அவர் கேட்டதற்கான விடையை அனுப்பலாம் என்பது என் கருத்து. அவர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். அது இன்னும் அவருக்குக் கடனாகவே நிற்கிறது. அவர் உங்களிடம் சொல்வது எந்தச் சூழலில் வெளியே போகும், எந்தச் சூழலில் போகாது என்பதை மூன்று வரியில் எழுதி, தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்து, பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் சேர்த்துவிடுங்கள். சந்திப்பு நேரங்களை அதில் குறிப்பிட வேண்டாம்.